கட்டிய மரமும் ஒட்டிய மரமும்

மரக்காணம் என்ற பெயரிலேயே மரம் இருக்கிறது. ஆனால் அங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்பளம்தான். அதையும் தாண்டி எக்கியார்குப்பத்துக் கடலோரம் போய் நின்றால், மரத்தை மரத்தோடு சேர்க்கும் வித்தை நம் ஜனங்களுக்கு எவ்வளவு பழையது என்று நினைக்கத் தோன்றுகிறது. கட்டுமரத்தில் ஆணி கிடையாது, பசை கிடையாது, கயிறுதான். டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பயண நூலிலேயே இந்தச் சோழமண்டலக் கரைத் தெப்பத்தைப் பெயர் சொல்லி எழுதிவிட்டார். 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவது வழக்கம். "தண்ணியிலே மரம் கெடாதுங்க, காய விடாட்டாத்தான் கெடும்" என்றார் ஒரு பெரியவர்.

இந்த வார்த்தை சமீபத்தில் எனக்கு உபயோகப்பட்டது. சென்னைச் சிநேகிதர் ஒருவர், எண்பது வயதுத் தாயார் மாலையில் காற்றாட உட்காரத் தோட்டத்தில் மரமேடை போட முனைந்தார். மேலே தேக்குப் பலகை. கீழே மறைந்திருக்கும் சட்டங்களுக்கு 'விரல் கோத்த மரம்' போதும், விலையும் சலிசு என்று கடைக்காரர் சொன்னாராம்.

விரல் கோத்த மரம் மட்டமான சரக்கு அல்ல. கணுவையும் வெடிப்பையும் வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய துண்டுகளின் முனைகளைச் சீப்புப் பல்லாக அறுத்து, பசை தடவி, இரு கை விரல்களைக் கோப்பதுபோல் இறுக்குகிறார்கள். மட்டமாக அறுத்த முனையில் பசை நிற்காது. மரத்தின் நுண்துளைகள் அதைக் குடித்துவிடும். பல்லின் சரிவுகளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். அந்த இழுபறியைத் தாங்கப் பசையும் நீருக்கு அசையாத ரிஸார்சினால் வகையாக இருக்க வேண்டும்; மூட்டும் பாரம் வைத்துச் சோதித்ததாக இருக்க வேண்டும். மேஜை நாற்காலிக்கென்று வரும் ரப்பர் மரப் பலகையும் விரல் கோத்ததுதான். ஈரம் பட்டால் அது பூஞ்சைக்கும் வண்டுக்கும் விருந்து.

"என்ன மரம், என்ன பசை, பாரம் தாங்குமென்று யார் சோதித்தது? மூன்றையும் கேளுங்கள்" என்றேன். கடைக்காரரிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. சிநேகிதர் துண்டு சேர்க்காத முழுச் சட்டமே வாங்கினார். அதையும் மண்ணில் படுக்க வைக்காமல், காற்றுப் புக இடம் விட்டுக் கருங்கல்லின் மேல் ஏற்றினார்.

மேடையின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு யாரும் உட்காருவதில்லை. நம்பித்தான் உட்காருகிறார்கள். ஆகையால், கண்ணுக்குத் தெரியாத மரத்துக்குத்தான் அதிகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.