சூரன்

சாத்தான்குளத்தில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக்கு, மாதத்தின் முதல் வாரத்தில், முதியோர் பணம் எடுக்க ஒரு பெரியவர் வருவார். தூத்துக்குடியில் 1961இல் நடந்த கடைசிச் சலாபத்தில் முத்துக் குளித்தவர். ஒருநாள் என் மேஜையில் கிடந்த ஹால்டேனின் கட்டுரைத் தொகுப்பைத் தொட்டு, “கதையா தம்பி?” என்றார்.

“இல்லை ஐயா, விஞ்ஞானம். எல்லாருக்கும் புரியும்படி எழுதினது.”

“அப்போ எனக்கும் புரியுமா?”

“இங்கிலீஷ்ல இருக்கு.”

“தமிழ்ல இல்லையாக்கும்? முத்து எப்படி விளையுதுன்னு ஒண்ணும் போடலையா?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தமிழில் விஞ்ஞான உரைநடை உருவாகவே இல்லை என்று இதைப் போன்ற ஒரு பத்திரிகையில் எழுதியவன் நான். தேடிப் பார்த்துச் சொன்னதல்ல அது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு இப்படிப்பட்ட தீர்ப்புகள் சுலபமாக வந்துவிடுகின்றன.

பிறகுதான் தேடினேன். முதலில் கிடைத்தவர் பெ.நா. அப்புசாமி. 1891இல் பெருங்குளத்தில் பிறந்தவர். அது இங்கிருந்து அதிகத் தூரமில்லை. வக்கீல். 1917இல் தொடங்கி, 1986இல் இறக்கும்வரை விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதினார். சாட்சியங்களை வரிசையாக முன்வைக்கும் வக்கீலின் நிதானம் அவர் வாக்கியங்களில் உண்டு. வாசகனை வியக்கவைக்கும் அவசரம் இல்லை. அடுத்தது பெரெல்மானின் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’. மொழிபெயர்ப்பு அங்கங்கே இடறுகிறது. ஆனால் கேள்விகள் நம் முற்றத்திலிருந்தே எழுபவை. மூன்றாவது சுஜாதாவின் ‘தலைமைச் செயலகம்’. கடினமான இடத்தைச் சில சமயம் நகைச்சுவையால் தாண்டிவிடுகிறார் என்றாலும், மூளையைப் பற்றிப் படிக்க அஞ்சுகிறவனை உள்ளே இழுத்துவிடுகிறார். யாராவது கேட்டால் இந்த மூவரையும் தயங்காமல் சொல்வேன்.

பெரியவர் கேட்டது முத்து. அங்கங்கே படித்ததைச் சேர்த்து நானே ஒரு பக்கம் எழுதினேன். மெல்லுடலியின் உள்ளே வேற்றுப்பொருள் ஒன்று சிக்கிக்கொள்கிறது. மேலுறைத் திசு அதைச் சுற்றிப் பைபோல வளர்ந்து, ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே பொருளை அடுக்கடுக்காக அதன்மேல் பூசுகிறது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, ஓட்டில் கடைந்த மணியையும் திசுத் துண்டையும் சிப்பிக்குள் வைத்து உருண்டை முத்தை விளைவித்தார். மழைத்துளி முத்தாகிறது என்பது கவிகளின் கற்பனை என்று முடித்திருந்தேன்.

அடுத்த மாதம் வாசித்துக் காட்டினேன்.

“மெல்லுடலின்னா?”

“சிப்பிதான்.”

“அப்போ சிப்பின்னே எழுதலாமே.” சற்றுக் கழித்து, “மழைத்துளின்னு நாங்க ஒருநாளும் நம்பல தம்பி. பத்துப் பாகம் தண்ணிக்குக் கீழ மழை எப்படி வரும்? அது கெடக்கட்டும், இதுல சூரன் இல்லையே?”

சூரன் என்பது ஒரு சிறு மட்டி. நூலாகப் பின்னிப் பாய் விரித்தாற்போல் பாரின்மேல் படர்ந்து, அடியிலுள்ள முத்துச்சிப்பிகளை மூச்சடைக்க வைத்துவிடும். “சூரன் படிஞ்சா அந்தப் பார் போச்சு” என்றார். முத்து எப்படி விளைகிறது என்று மட்டுமல்ல, ஏன் விளையாமல் போகிறது என்பதையும்தான் அவர் கேட்டிருக்கிறார். எனக்கு அது புரியவில்லை.

முத்துப்பார்களைப் பற்றிய ஆங்கில ஆராய்ச்சி அறிக்கைகளில் ‘சூரன்’ என்ற சொல் அப்படியே இருப்பதைப் பிற்பாடு பார்த்தேன். வெளியிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் இந்தக் கரையில் கேட்டு எழுதிக்கொண்ட சொல். தமிழில் எழுத உட்கார்ந்த நானோ கேட்கவில்லை, அகராதியைப் புரட்டினேன். நம் விஞ்ஞானத் தமிழின் வறட்சிக்குக் கலைச்சொல் இல்லாதது காரணமென்று இனி எழுதமாட்டேன்.

பார்களின் பெயர்களை, தொல்லாயிரம் பாரில் தொடங்கி, வரிசையாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் ஆகட்டும் என்றார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.