எடையைக் கேளுங்கள், காலத்தைச் சொல்வார்கள்

விருதுநகரில் முதியவர்களின் தொழில் நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்பதைத்தான். “அதெல்லாம் பொற்காலம் தம்பி” என்று பதில் வரும். பேச்சும் அத்தோடு நின்றுவிடும்.

அதே பெரியவரிடம், “மூட்டையில சரக்கு எப்படிப் பாப்பீங்க அண்ணாச்சி?” என்று கேட்டால் கை தானாக நீளும். குத்தூசியைச் சாக்கில் செருகியதையும், உள்ளங்கையில் விழுந்த உளுந்தை உருட்டிப் பார்த்ததையும், ஒன்றைப் பல்லில் கடித்து ஈரம் சொன்னதையும் செய்தே காட்டுவார். பிறகு எந்த ஊர்ச் சரக்கு, கமிஷன் எவ்வளவு, பேரேடு எழுதியவர் யார் என்று பேச்சு ஓடும். வத்தல், பருப்பு, எண்ணெய் என இந்த ஊர் விலைநிலவரத்தைப் பத்திரிகைகள் இன்றும் போடுகின்றன. அந்த விலைக்குப் பின்னால் இருந்த கைகளைப் பற்றித்தான் யாரும் எழுதியதில்லை.

அடுத்த சிக்கல் ஆண்டு. “வேலைக்குப் போன வருஷமெல்லாம் யாரு குறிச்சு வச்சா?” என்பார்கள். அதனால் நான் வருஷத்தைக் கேட்பதில்லை. எடையையும் காசையும் கேட்கிறேன். தராசில் வீசைக்கல் போட்டீர்களா, கிலோக்கல்லா? ஒரு வீசை 40 பலம், ஏறக்குறைய 1.4 கிலோ, 8 வீசை ஒரு மணங்கு. 1958 முதல் படிப்படியாகக் கிலோ வந்தது. காசில் கொஞ்சம் கவனம் வேண்டும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகும் ‘நாலணா’ என்ற பேச்சு போகவில்லை. ஆகவே, சில்லறை மாற்றியது எப்படி என்று கேட்பேன். நாலணாவுக்கு 25 பைசா கச்சிதம்; ஓரணாவுக்கு ஆறேகால் வரும், கையில் கிடைத்ததோ ஆறு. அந்தக் கால் பைசாவுக்காக நடந்த சண்டையைச் சொல்கிறவர் அன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்தான்.

ஊருக்கென்றே சில மைல்கற்களும் உண்டு. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கக் கோரிச் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ல் இங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். அக்டோபர் 13-ல் உயிர் நீத்தார். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்திலா, மண்டியிலா? 1967-ல் காமராஜர் சொந்த ஊரிலேயே தோற்ற தேர்தலில் ஓட்டுப் போட்டீர்களா? அன்று ஓட்டுரிமைக்கு வயது 21. போட்டேன் என்றால் பிறந்த ஆண்டு 1946-க்கு இப்பால் வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாரிடம் கேட்கிறோம் என்பது. கடை முதலாளியிடம் மட்டும் கேட்டால் ஊர் விலையாலும் மகமையாலும் ஆனதாகத் தெரியும். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கி, வீடுவீடாகப் பிடி அரிசி திரட்டிப் பள்ளி நடத்திய ஊர் இது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்ததுதான். அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அதே தெருவில் மூட்டை சுமந்தவர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே பேசுவார். வத்தலுக்குக் காம்பு கிள்ளிய ஆச்சி, “ராத்திரி பிள்ளையத் தொட முடியாதுய்யா, கை அப்படி எரியும்” என்பார். சொளகு பிடித்த பெண்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் முழுதாக இருக்காது. கூலிக் கணக்கில் ஒரு தொகையாகத்தான் இருப்பார்கள்.

ஒரே நாளை மூவர் மூன்று விதமாகச் சொன்னால், சரியானதை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. தேதியும் எடையும் முரண்பட்டால் சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் அனுபவம் முரண்பட்டால் மூன்றையும் அப்படியே எழுத வேண்டும். முதலாளிக்கு நல்ல வருஷம் சுமந்தவருக்கும் நல்ல வருஷமாக இருந்திருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

வீசைக்கல்லில் நிறுத்த கைகள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டன. உங்கள் வீட்டிலும் தெருவிலும் அப்படி ஒருவர் இருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு கைபேசியில் பதிவுசெய்யுங்கள். நாளும் இடமும் குறித்து வையுங்கள். முதல் கேள்வி மட்டும் அவர் செய்த வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்.