தேம்ஸ் சேற்றில் பழம்புட்டிகள்

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் அரண்மனைகளையும் ஆலயங்களையும் பாலங்களையும் கண்டு களித்துத் திரும்புவதே வழக்கம். அந்நகரத்தார் பல நூற்றாண்டுகளாக வீசியெறிந்த பொருள்களைக் காணவென்று ஒருவர் புறப்பட்டால், அவரைப் பித்தர் என்றே உலகம் எண்ணக்கூடும். ஆயினும், பழைய புட்டிகளைத் தேடித் தோண்டிச் சேர்த்துவைக்கும் பொழுதுபோக்கு 1970-களிலே இங்கிலாந்தில் நன்கு வேரூன்றிவிட்டது. அதில் ஈடுபட்டோருக்குத் தேம்ஸ் ஆற்றின் சேறு ஒரு திறந்த நூலகம் எனலாம். அந்நூலகத்தின் ஓர் ஏட்டையேனும் புரட்டிப் பார்க்கும் ஆவலோடு நாம் சென்ற இடம் வாப்பிங்.

இலண்டன் கோபுரக் கோட்டைக்குச் சற்றுக் கிழக்கே, ஆற்றின் வடகரையில் உள்ளது இப்பகுதி. 1805-இல் இங்கே திறக்கப்பட்ட கப்பல் துறை 1969-இல் மூடப்பட்டது. அன்றைய பண்டகசாலைகள் பல இன்று செல்வர் வாழும் குடியிருப்புகளாக மாறிவிட்டன. முன்னாளிலோ இது மாலுமிகளும் சுமைகூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அவர்களுள் ஏராளம். அவர்களுக்கென எழுந்த புனித பத்திரிசியார் ஆலயம் இன்றும் அங்கே நிற்கின்றது. 1889-இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு 6 பென்னி கூலி கேட்டு ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, 81 வயது முதியவரான கர்தினால் மானிங் முதலாளிகளிடமும் தொழிலாளரிடமும் மாறிமாறி நடந்து சமரசம் செய்துவைத்தார். ஏழைத் தொழிலாளர் அதனை நெடுநாள் மறக்கவில்லை.

அத்தகைய மக்களைப் பற்றி அரசாங்க ஏடுகள் சொல்வது மிகக் குறைவு. அவர்கள் குடித்துவிட்டு எறிந்த புட்டியும், புகைத்துவிட்டு எறிந்த வெண்களிமண் குழலுமே அவர்களுக்காகச் சாட்சி சொல்கின்றன.

தேம்ஸ் ஆற்றில் நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்குகின்றது. பெருக்கின்போது நீர்மட்டம் சுமார் 7 மீட்டர் உயர்வதுமுண்டு. வற்றும் வேளையிலே, மதுக்கடை ஒன்றின் பக்கத்துச் சந்து வழியாகப் பாசி படர்ந்த கற்படிகளில் இறங்கினோம். காலடியில் சிப்பி ஓடுகள், கப்பலாணிகள், எலும்புத் துண்டுகள், உடைந்த புகைக்குழல்கள். அவற்றினிடையே கரும்பச்சை நிறத்தில் புட்டிகளின் அடிப்பாகங்கள். மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1615-இல், கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று, கண்ணாடி உலைகளில் விறகெரிப்பதைத் தடைசெய்தார். உலைக்காரர் நிலக்கரிக்கு மாறினர். அதன் கடும் வெப்பத்திலே பிறந்ததுதான் தடித்த, கரிய, எளிதில் உடையாத ஆங்கிலப் புட்டி.

சற்றுத் தள்ளி ஒரு புட்டிக் கழுத்து கிடந்தது. உட்புறம் குறுக்கிய அதன் அமைப்பைக் கண்டதும் நமக்கு நகைப்பு வந்தது. நம்மூர்க் கோலி சோடாவன்றோ அது! ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. தலைகீழாகப் பிடித்து நிரப்பினால், வாயுவின் விசை கோலியை உந்தி ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். அதற்கு முன்னரோ, நிற்கவே மாட்டாத முட்டை வடிவப் புட்டிகளில் சோடா விற்றனர். அவற்றைப் படுக்கவைத்தால்தான் தக்கை நனைந்திருந்து சுருங்காமல் வாயுவைக் காக்கும். காட் செய்த முழுப் புட்டிகள் அங்கே அருகிப்போனதற்குச் சிறுவர்களும் ஒரு காரணம். கோலிக்காகவே புட்டியை உடைத்தனர். இவ்விஷயத்தில் இலண்டன் சிறுவனுக்கும் மதுரைச் சிறுவனுக்கும் வேற்றுமையில்லை.

கத்தோலிக்கர் அறியவேண்டிய குடுவை ஒன்றும் இச்சேற்றில் கிடைப்பதுண்டு. அது கண்ணாடியன்று; ஜெர்மனியில் கொலோன் நகரையடுத்த ஃப்ரெக்கன் போன்ற ஊர்களில் உப்பு மெருகிட்டுச் சுட்ட மண்குடுவை. கழுத்திலே தாடிக்காரர் ஒருவரின் முகம் புடைத்துநிற்கும். இதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘பெல்லார்மின்’. ஆம், அரசர் கேட்ட விசுவாசப் பிரமாணம் குறித்து மன்னர் ஜேம்ஸோடு எழுத்துப்போர் நிகழ்த்திய இயேசு சபைக் கர்தினால் புனித இராபர்ட் பெல்லார்மினைப் பரிகசிக்கவே அப்பெயர் வழங்கலாயிற்று. உண்மையில் அவர் புகழடைவதற்கு முன்னரே இக்குடுவைகள் செய்யப்பட்டுவந்தன. 1930-இல் புனிதராகவும் 1931-இல் வேதபாரகராகவும் திருச்சபை அவரை உயர்த்தியது வேறு கதை. இன்னொரு வேடிக்கை: இக்குடுவைகளில் சிறுநீரும் ஊசியும் ஆணியும் இட்டு அடைத்து, சூனியத்துக்கு மாற்றாக மண்ணில் புதைத்தனர். 2004-இல் கிரீனிச்சில் அடைப்புக் கலையாமலே ஒன்று கிடைத்தது. பில்லிசூனிய அச்சம் நம் நாட்டுக்கே உரியதென்று எண்ணுவோர் கவனிப்பாராக.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் கற்கவேண்டியது புட்டியின் வயதைப் படிப்பது. அச்சின் இணைப்புக் கோடு பக்கவாட்டில் ஏறி, விளிம்பின் உச்சிவரை சென்றால் அது இயந்திரம் வார்த்தது. கழுத்திலேயே மறைந்தால், பெரும்பாலும் வாயைக் கைத்தொழிலாளி முடித்திருக்கிறார் என்று கொள்ளலாம். அடியில் கரடுமுரடான வடு இருப்பின் இன்னும் பழையது. ஊதுவோர் இரும்புக்கோலில் பிடித்திருந்த தழும்பு அது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் 1903-இல் தானியங்கி வார்ப்பு இயந்திரத்தை நிலைநாட்டும்வரை, சூடான புட்டிகளை உலைக்கும் ஆற்றும் அடுப்புக்கும் இடையே ஓடியோடிச் சுமந்தவர்கள் சிறுவர்கள். இரவுமுழுதும் அவ்வேலை நடந்தது. குழந்தைத் தொழிலாளரைக் கண்ணாடி ஆலைகளிலிருந்து வெளியேற்றியதில் அவ்வியந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஓவன்ஸும் பத்து வயதிலேயே அவ்வேலையில் புகுந்தவர்தாம்.

நம் உள்ளத்தை வாட்டியது ஒரு பால்புட்டி. விக்டோரியா மகாராணி காலத்துக் குப்பைமேடுகளில் இவ்வகை அகப்படுவதுண்டு, அருங்காட்சியகங்களிலும் காணலாம். தட்டையான கண்ணாடி வயிறு. அதிலிருந்து புறப்படும் நீண்ட ரப்பர்க் குழாய். அதன் நுனியில் காம்பு. தாய் ஏந்திப் பிடிக்காமலே குழந்தை தொட்டிலில் கிடந்தபடி குடிக்கலாம் என்பதே அதன் பெருமை. கொஞ்சுமொழிப் பெயர்கள் சூட்டி விளம்பரம் செய்தனர். கூலிவேலைக்குப் போகவேண்டிய தாய்க்கு அது வரப்பிரசாதமாகத் தோன்றியது. அக்குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. அதில் தங்கிய பால் புளித்து நோய்க்கிருமிகள் பெருகின. எத்தனை பாலகர் மாண்டனரோ! மருத்துவர் கண்டித்தனர், ‘கொலைப்புட்டி’ என்றே பெயராயிற்று. பிரான்ஸ் நாடு 1910-இல் அதனைச் சட்டத்தால் விலக்கியது. பிற இடங்களில் அதன்பின்னும் விற்பனை நடந்தது. குழந்தைக்கு நன்மை என்று நம்பியே அத்தாய்மார் அதனை வாங்கினர்.

இதற்கு நேர்மாறானவை நஞ்சுப்புட்டிகள். ஆழ்ந்த நீலமோ பச்சையோ நிறம், அறுகோண வடிவம், மேலெல்லாம் வரிவரியான மேடுகள், ‘உட்கொள்ளலாகாது’ என்னும் வாசகம். விளக்கில்லா இரவில் மருந்தென்று தடவியெடுப்பவரின் விரல்களுக்கே எச்சரிக்கை கிடைக்கவேண்டுமென்று இப்படிச் செய்தனர். கண்பார்வை குன்றிய முதியோரையும் எழுத்தறியாதாரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட பொருள் என்று இதனைப் பாராட்டத் தோன்றுகிறது.

தேம்ஸ் கரையில் இறங்கித் தேடத் துறைமுக அதிகாரசபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். தோண்டுவதற்கு மட்டுமன்று, கண்ணிற்பட்டதைப் பொறுக்குவதற்கும் அது அவசியம். சாதாரணச் சீட்டில் 7.5 சென்டிமீட்டர் ஆழம்வரையே தோண்டலாம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் கிடைத்தால் அருங்காட்சியகத்தாரிடம் காட்டிப் பதியவேண்டும். நம்மிடம் சீட்டில்லாமையால் கையைப் பின்னே கட்டிக்கொண்டு பார்த்ததோடு அமைந்தோம். நீர் ஏறத் தொடங்கினால் விரைந்து வரும். ஏறும் படிக்கட்டு எங்கே என்பதை அறிந்துகொண்டே இறங்கவேண்டும். கையுறை இன்றியமையாதது. உடைந்த கண்ணாடியால் வில்வாத ஜன்னியும், எலிகள் திரியும் சேற்றால் எலிக்காய்ச்சலும் வரக்கூடும்.

நிலத்தில் தோண்டுவோர் உரிமையாளரிடம் முதலில் கேட்பது முறை. அந்நாளில் வீட்டுக்குப்பையில் பெரும்பகுதி நிலக்கரிச் சாம்பலாகையால், மண்ணில் சாம்பற்படலமும் சிப்பி ஓடும் தென்பட்டால் அங்கே புட்டியும் இருக்கக்கூடும். பக்கவாட்டில் குடைந்து சுரங்கம் செய்தல் கூடவே கூடாது. சரிந்து விழும் சாம்பல் ஆளையே மூடிவிடும்.

நம் வாசகர்கள் மண்வெட்டி எடுக்குமுன் பாட்டியின் பரணைப் பார்க்கலாம். கம்பவுண்டர் காகிதத்தை நறுக்கி வேளைக்கணக்கு ஒட்டிக்கொடுத்த மிக்ஸ்சர் புட்டி, மைக்கூடு, வேளாங்கண்ணியிலிருந்து எண்ணெய் கொண்டுவந்த சீசா என ஏதேனும் அகப்படும். நாட்பட்ட கண்ணாடியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து மென்துணியால் துடைத்தல் போதும். புதைந்து கிடந்த கண்ணாடியில் வானவில்போல் மின்னும் மெல்லிய படலம் அழுக்கன்று. நீர் அரித்ததால் உண்டான மேற்றோல். அதைத் தேய்த்தெடுக்கலாகாது. யாருடையது, எங்கே, எந்நாளில் கிடைத்தது என்று சிறு சீட்டில் எழுதி, பரணிலிருப்பதன் விவரத்தைப் பாட்டி இருக்கும்போதே கேட்டுக்கொள்க.