பிரிட்ஜுக்குள் தண்ணி நின்றால், பாஸைக் கூப்பிட முன்



மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே முறைப்பாடு. பிரிட்ஜின் அடியில் தண்ணீர் நிற்கிறது. மரக்கறிப் பெட்டிக்குள் கீரை அழுகுகிறது. கதவு றப்பரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. "யார் கதவைத் திறந்து வெச்ச?" என்று பிள்ளைகளுக்கு ஏச்சு, சில வீடுகளில் மருமகளுக்கும் ஏச்சு. பிறகு பாஸ் வருவார், பார்ப்பார், "கேஸ் போயிட்டு" என்பார். மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது சின்னச் செலவில்லை. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. அதனால் நாங்கள் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

அந்தத் தண்ணீர் பிரிட்ஜ் உண்டாக்கியதல்ல, எங்கள் குசினிக் காற்றில் இருந்ததுதான். வகுப்பில் ஒடுங்கல் பாடம் படிப்பிக்கும்போது ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளி பிடிப்பதைக் காட்டுவோமே, அதே விசயம்தான். 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 5 பாகைக்குக் குளிர்ந்தால் 7 கிராம் அளவுதான் தாங்கும். மிச்சம் எங்கேயாவது தண்ணீராகத்தான் இறங்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சாரீரப்பதன் 80 வீதமாக இருக்கும் நாளில் 200 லீற்றர் பிரிட்ஜைத் திறக்கிறோம். உள்ளே இருக்கும் காற்றில் பாதி மாறினால் ஒன்றரை கிராமுக்கு மேல் தண்ணீர் உள்ளே சேருகிறது. நாளைக்கு 40 தடவை திறந்தால் 60, 70 மில்லிலீற்றர். நோன்பு காலத்தில் சஹருக்கும் இஃப்தாருக்கும் எத்தனை தடவை திறக்கிறோம் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மூடாமல் வைக்கும் ஆணம், சூடு ஆறாத கஞ்சி, கழுவி ஈரத்தோடு வைக்கும் வல்லாரை எல்லாம் இதற்கு மேலதிகம்.

இவ்வளவு தண்ணீரும் வெளியேறுவதற்குப் பிரிட்ஜில் ஒரு வழி இருக்கிறது. ஒற்றைக் கதவுச் சாதாரண பிரிட்ஜில் பின்சுவர் வியர்ப்பது வழமையான விசயம், அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம். மோட்டர் நிற்கும் நேரம் அந்தத் துளிகள் கீழே வழிந்து, ஒரு சின்ன வாய்க்காலில் விழுந்து, நடுவிலுள்ள துவாரத்தால் பின்பக்கத் தட்டுக்குப் போகும். அங்கே கொம்பிரசர் சூட்டில் ஆவியாகிவிடும். அந்தத் துவாரம் ஒரு சோற்றுப் பருக்கையாலோ கறிவேப்பிலைத் துண்டாலோ அடைபட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். குளிர் சரியாக இருந்து தண்ணீர் மட்டும் நிற்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தத் துவாரத்தை. கேஸ் குறைந்தால் குளிர்தான் முதலில் குறையும்.

எங்கள் வீட்டில் இந்தத் தண்ணீர் வேறொரு இடத்தில் சுட்டது. உம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். குப்பியைத் திறந்த திகதியை அட்டைப் பெட்டியில் பேனையால் எழுதி வைப்பார். ஒரு நாள் மேல்தட்டிலிருந்து வழிந்த தண்ணீரில் பெட்டி ஊறிக் கூழாகிவிட்டது. திகதியும் அழிந்துவிட்டது. திறந்த குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரங்களுக்கு மேல் பாவிக்கச் சொல்வதில்லை. மூன்று வாரமா, ஐந்து வாரமா? உம்மா ஒன்று சொன்னார், வாப்பா வேறொன்று சொன்னார். கிளினிக்கில் கேட்டபோது, "திகதி தெரியாத மருந்த மனக்கணக்குல போடாதீங்க" என்றார் தாதி. அடுத்த கிளினிக் திகதி வரும்வரை வெளியில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஒரு சோற்றுப் பருக்கை போய் உம்மாவின் மருந்தில் நின்றது!

இன்சுலின் வைக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பின்சுவரில் முட்ட வைக்காதீர்கள், ஐஸ் பெட்டிக்குக் கீழேயும் வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் பாவிக்கக் கூடாது. நடுத்தட்டில், மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் வையுங்கள். திகதியை டப்பாவின் மூடியிலும் அழியாத மையால் எழுதுங்கள்.

இனி, பாஸைக் கூப்பிட முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை.

ஒன்று, துவாரம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்சியால் இளஞ்சூட்டுத் தண்ணீரை மெதுவாகச் செலுத்துங்கள். பின்தட்டில் தண்ணீர் விழுந்தால் வழி திறந்துவிட்டது. கம்பியால் குத்த வேண்டாம்.

இரண்டு, கதவு றப்பர். ஒரு 20 ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வந்தால் அந்த இடத்தால் காற்றுப் போகிறது. பல நேரம் அழுக்குத்தான் காரணம். சவர்க்காரத் தண்ணீரால் மடிப்புகளைத் துடைத்துக் காயவிட்டாலே பிடிக்கும். றப்பர் வெடித்திருந்தால் றப்பரை மட்டும் மாற்றலாம், முழுப் பிரிட்ஜையும் மாற்றத் தேவையில்லை.

மூன்று, முன்கால்கள். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பிள்ளைகளை ஏசுவதைவிட இது இலேசு.

நான்கு, ஐஸ். அரை சென்ரிமீற்றர் தடித்தவுடன் நிறுத்தி உருகவிடுங்கள். உழ்ஹிய்யா இறைச்சி ஒட்டிக்கொண்டது என்று கத்தியால் கிளப்பினால் உள்ளிருக்கும் அலுமினியக் குழாய் ஓட்டையாகும். அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

ஐந்து, பின்தட்டு. இதை யாரும் பார்ப்பதில்லை. மாரியில் அங்கே தண்ணீர் முழுதாக வற்றாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு அந்தத் தெளிந்த தண்ணீர் போதும். சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு பார்க்க வரும்போது பிரிட்ஜின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்ப்பது இதனால்தான். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றி, தேய்த்துக் கழுவினால் சரி.

வீட்டைப் பூட்டிப் பல நாள் வெளியூர் போவதாக இருந்தால், காலியாக்கி, துடைத்து, நிறுத்தி, கதவிடுக்கில் ஒரு துவாயை மடித்து வைத்துக் கொஞ்சம் திறந்து விடுங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய காலத்தில், குளிரில்லாமல் மூடிக் கிடந்த பிரிட்ஜ் எப்படி மணக்கும் என்று எல்லோரும் அனுபவித்தோம்.

இதெல்லாம் செய்தும் குளிர் வரவில்லையென்றால் தாராளமாகப் பாஸைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய தொழிலுக்கு நாங்கள் எதிரியல்ல. எங்கள் பிரிட்ஜின் துவாரத்தைத் திறக்கக் கால் மணித்தியாலம்தான் போனது. கேஸ் நிரப்பவில்லை, இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

இதை வாசித்து முடித்ததும் பிரிட்ஜைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து அந்தத் தட்டைப் பாருங்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் வயதான ராத்தாமாருக்கு அதை இழுக்கப் பலமிருக்காது. அவர்களுடையதையும் போய்ப் பார்த்துக் கொடுங்கள்.