அறுந்த சங்கிலி

மலைநாட்டிலே மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், பதுளை வைத்தியசாலைக்கு அவளைச் சேர்ப்பது பெரும்பாலும் யாரேனும் ஒருவரது வாடகை வண்டியேயாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. அதன்பின் பழைய வண்டிகளைப் பேணுதலே பலருக்குப் பிழைப்பாயிற்று.

எமக்கு அறிமுகமான ஒருவரின் பழைய டீசல் கார், பண்டாரவளைப் பாதையில் ஹாலிஎலையைக் கடந்து ஏறுகையில், ஒரு பேரோசையுடன் நின்றுவிட்டது. பதுளைக் கராஜ் ஒன்றிற்கு அதனை இழுத்துச் சென்றபோது யாமும் உடனிருந்தோம். அறுந்தது டைமிங் செயின்.

எஞ்சினின் முன்மூடிக்குள் எண்ணெயில் நனைந்தோடும் சங்கிலி அது. பிஸ்டன்களோடு சுழலும் கீழ்த்தண்டையும், வால்வுகளைத் திறக்கும் மேல்தண்டையும் அது பிணைக்கின்றது. கீழ்த்தண்டு இருமுறை சுழல மேல்தண்டு ஒருமுறை சுழலவேண்டும். ஆதலின் மேற்சக்கரத்துக்குப் பற்கள் இருமடங்கு. டீசல் எஞ்சினிலே தீப்பொறி இல்லை. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குவதால் எழும் வெம்மையே எரிபொருளை மூட்டுகின்றது. அதனால் உச்சிக்கு வந்த பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. சங்கிலி அறுந்த கணமே, திறந்து நின்ற வால்வை பிஸ்டன் மோதிவிடுகின்றது.

"செயினை மட்டும் மாத்திக் குடுங்க பாஸ். வண்டி ஓடினாத்தான் லீசிங் கட்டலாம்" என்றார் வண்டிக்காரர்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட தோட்டத்துப் பிள்ளையாகிய அந்த மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே மறுத்தார்: "புதுச் செயின் போட்டா வளைஞ்ச வால்வு நிமிராது அண்ணே. ஏன் அறுந்துச்சுன்னு பார்க்காம பூட்டினா, அடுத்த தடவை நோயாளியோட நடுரோட்டில நிப்பீங்க."

ஹெட்டைக் கழற்றினர். மூன்று வால்வுகள் வளைந்திருந்தன. சங்கிலியை இறுக்கும் டென்ஷனர் கரிய எண்ணெய்க் கசடு படிந்து இறுகிக் கிடந்தது. குளிர்காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில விநாடி 'கலகல' என்னும் ஓசை எழுந்து அடங்கியதை அப்போதுதான் வண்டிக்காரர் நினைவுகூர்ந்தார். அது தளர்ந்த சங்கிலியின் ஓசை. எண்ணெயின் அழுத்தம் ஏறியதும் ஓசை அடங்கியது, பழுது அடங்கவில்லை.

எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி உடைந்த துண்டுகளை எடுத்தனர். சங்கிலி, சக்கரங்கள், டென்ஷனர், வால்வுகள் யாவும் புதியனவாயின. சக்கரங்களின் குறிகளும் டீசல் பம்பின் குறியும் பொருத்தப்பட்டன. ஆயினும் அவர் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்பானரால் கீழ்த்தண்டை இரு முழுச்சுற்று மெல்லத் திருப்பி, குறிகளை மீண்டும் நோக்கினார். "கையில தடுத்தா பலம் போடாதே, எங்கயோ பிழை இருக்கு" என்று உதவிப் பையனுக்கு உரைத்தார். ஏன் இருமுறை என்று அவன் வினவ, "கீழ ரெண்டு சுத்தினாத்தானே மேல ஒண்ணு" என்றார். இதனினும் தெளிவான விளக்கத்தை எந்த வகுப்பறையில் யாம் கேட்டோம்?

நோயின் முதலை நாடிய பின்பே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் வாக்கு. மருந்து அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, அதன் உரையை எண்ணெய்க் கையோடு ஒருவர் செய்து காட்டினார். செலவு மிகுந்தது உண்மையே. வண்டிக்காரர் தவணைக்கு அவகாசம் கேட்டுப் பெற்றார். வண்டி இன்று மீண்டும் மலையேறுகின்றது.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இடையில் படிப்பை விடுகின்றனர். எவரும் ஒரே நாளில் விடுவதில்லை. திங்கட்கிழமை வராமை, கொப்பி இன்மை, பின்வரிசை மௌனம் என ஓசை முன்னரே எழுகின்றது. மீண்டும் பெயரைப் பதிவதோடு எம் கடமை தீராது. காரணத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். எம் கல்லூரியின் இவ்விழாக் காலத்தில் ஆசிரியரும் பழைய மாணவரும் அவ்வோசைக்குச் செவிசாய்ப்பாராக.