அயலவரின் வேலைமேசை

ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்ட எந்தப் பொருளைக் கண்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அச்சகத்தின் எழுத்துத் தட்டுத்தான். பத்திரிகைத் தொழிலில் கால் வைத்த நாட்களில், ஈய எழுத்துக்களைக் கைகளாற் பொறுக்கிக் கோக்கும் அச்சுக்கோப்பாளர்களுக்கு அருகில் நின்று மணிக்கணக்காகப் பார்த்ததுண்டு. அண்மையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மகளின் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் அந்தத் தட்டை மீண்டும் கண்டேன்.

மகளின் அயலவர் ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி. நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை அங்கே துவக்கு கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. 2018 வரை அது திங்கட்கிழமையில் தொடங்கியது. அவர் கடையில் தோட்டா வாங்குவதில்லை. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைச் சேர்த்து, மீண்டும் நிரப்பிக் கொள்கிறார். அந்நாட்டில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. ஒரு மாலை எங்களிருவரையும் தமது நிலக்கீழ் அறைக்கு அழைத்துச் சென்று காட்டினார்.

கனத்த பலகையாலான மேசை. அதன் விளிம்பில் ஆணியிட்டு இறுக்கிய கை அழுத்துப்பொறி. சுட்டபின் விரிந்த கோதைப் பழைய அளவுக்குக் கொணரும் அச்சுகள், ஒவ்வொரு துவக்கு வகைக்கும் ஒவ்வொரு பெட்டியாக, பெயர் எழுதி வரிசையில் இருந்தன. கோதைப் பற்றும் சிறு வளையங்களைத் தூண்டிற்காரர்களின் அறைபிரித்த பெட்டியில் இட்டிருந்தார். எத்தனை தடவை சுடப்பட்டது என்பதைக் குறித்து, கோதுகளை வேறு வேறு போத்தல்களில் வைத்திருந்தார். மேசையின் ஓரத்தில் சிறு தராசு. அதன் பக்கத்தில், செய்த ஒவ்வொரு தொகுதிக்கும் நாளும் அளவும் எழுதிய குறிப்பேடு.

ஆனால் வெடிமருந்து மேசையில் இல்லை. கொதிகலனுக்கு எட்டத்தில், மரத்தாலான தனி அலுமாரியில், வாங்கிய கலன்களிலேயே இருந்தது. “இரும்புப் பெட்டி பாதுகாப்பில்லையா?” என்று கேட்டேன். வீடு தீப்பற்றினால் இறுக மூடிய இரும்புப் பெட்டி குண்டாகிவிடும், மரமோ பிரிந்து வழிவிடும் என்றார். ஒரு நேரத்தில் ஒரேயொரு மருந்துக் கலன் மட்டுமே மேசைக்கு வரும். வேலை முடிந்ததும் அளவைக் குடுவையில் மிஞ்சியதை அதே கலனில் ஊற்றிவிடுவார். மறுநாள் வந்து பார்த்தால் குடுவையில் இருப்பது எந்த மருந்தென்று கண்ணால் அறிய முடியாது. தவறான மருந்து துவக்கையே வெடிக்கச் செய்து சுடுபவரின் முகத்தைச் சிதைக்கலாம். வெடிமூடிகளை ஒருபோதும் போத்தலில் கொட்டி வைப்பதில்லை. ஒன்று வெடித்தால் யாவும் சேர்ந்து வெடிக்கும் என்பதால், அவை தனித்தனிக் குழிகளுடன் வந்த பெட்டியிலேயே இருக்கும்.

மேசையின் கீழே சாம்பல் நிறக் கட்டிகள் சில கிடந்தன. இலக்குப் பயிற்சிக்கான சன்னங்களை வார்ப்பதற்கு வைத்திருக்கிறாராம். எங்கே வாங்கினீர்கள் என்றேன். மூடப்பட்ட பத்திரிகை அச்சகமொன்றிலிருந்து என்றார். 1886இல் நியூயோர்க் நாளேடொன்றில் முதன்முதலாக இயங்கிய லைனோடைப் இயந்திரத்தின் உலோகம் அது. ஏறத்தாழ 84 வீதம் ஈயம், 12 வீதம் அந்திமனி, 4 வீதம் வெள்ளீயம். வெறும் ஈயத்தைவிடக் கடினமானது என்பதால் சன்னம் வார்ப்போர் அதைத் தேடி வாங்குவார்களாம். செய்தியும் தலையங்கமும் மரண அறிவித்தலுமாக இருந்த உலோகத்தைக் கையில் ஏந்தியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்நேரம் பின்னாலிருந்து மெல்லிய விசில் ஒலி கேட்டது. மகள் ஒரு வெற்றுக் கோதை உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

“இது நினைவிருக்கோ அப்பா?”

நினைவிருந்தது. 1987 ஒக்டோபர், யாழ்ப்பாணம். ஊரடங்கு தளர்ந்த ஒரு காலை, ஏழு வயதுப் பிள்ளை ஒழுங்கையிற் பொறுக்கிய கோதை ஊதியபடி வாசலுக்குள் வந்தாள். இந்திய இராணுவத்தினர் வீடு வீடாகச் சோதனையிட்ட நாட்கள். அந்தச் சின்னப் பித்தளைக்காக ஒரு குடும்பத்தையே தெருவில் இருத்தி விசாரிக்கக்கூடும். நான் அவளை ஓங்கி அறைந்தேன். கோதைப் பறித்துப் பாழுங்கிணற்றில் எறிந்தேன். ஏன் அடித்தேன் என்று அன்று சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

அந்த இராணுவத்தின் துவக்குகள் 7.62 மில்லிமீற்றர் வகை. அயலவர் மானுக்கு வைத்திருக்கும் தோட்டாவும் புறத்தோற்றத்தில் ஏறக்குறைய அதுவே. எங்கள் கிணற்றில் கிடப்பதும் இவர் மேசையில் துடைத்து அடுக்கப்பட்டிருப்பதும் ஒரே வடிவம். ஓரிடத்தில் அது பொழுதுபோக்கு. மற்றோரிடத்தில் அதை வைத்திருப்பதே குற்றம்.

வீடு திரும்பும் வழியில், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் தாமதித்த விளக்கத்தை மகளிடம் சொன்னேன். “அது எனக்குத் தெரியும் அப்பா. அம்மா அண்டைக்கே சொன்னவ” என்றாள்.

அயலவர் தமது ஆபத்துகளுக்குப் பெயர் எழுதி, தனித்தனியே பிரித்து, நெருப்புக்கு எட்டத்தில் வைத்திருக்கிறார். நானோ எனது அச்சத்தையும் அன்பையும் ஒரே போத்தலில் கொட்டி, பெயரெழுதாமல் மூடி வைத்திருந்தேன்.