பெயர்ப் பட்டியலுக்கு முன்னால்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தால், "யார் யார் பேரைப் போடலாம் சார்?" என்று தலைமையாசிரியர் கேட்பார். எந்த நடுநிலைப் பள்ளியிலும் சட்டென்று வாயில் வரும் பெயர்களுக்கு ஒரு ஜாடை உண்டு. கையெழுத்து அழகாக இருக்கும், வீட்டுப்பாடம் தவறாது, பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வரும். அவர்களும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தாம். ஆனால் வகுப்பின் மூளை முழுவதும் அந்த ஐந்தாறு பேரிடமே இருக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதனால் ஏழாம் வகுப்பிலேயே பழைய மனத்திறன் வினாத்தாள் ஒன்றை எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறேன். எண் தொடர், குறியீடு, கண்ணாடி பிம்பம், பொருந்தாத உருவம். பெயரைப் பின்பக்கத்தில் எழுத வேண்டும். திருத்தி முடிக்கும்வரை திருப்பிப் பார்ப்பதில்லை.

மதிப்பெண்ணைவிடத் தவறான விடைகளோடு அதிக நேரம் உட்காருகிறேன். 2, 4, 8 என்ற தொடரில் அடுத்த எண்ணாக ஒரு சிறுமி 14 எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் 16. கேட்டதும், "ரெண்டு கூடுச்சு, நாலு கூடுச்சு, அடுத்து ஆறுதானே சார்" என்றாள். அந்தத் தொடரும் சரியான தொடர்தான். கணக்கில் படிகள் எழுதாமல் விடையை மட்டும் எழுதுவதால் எப்போதும் மதிப்பெண் இழக்கிற பிள்ளை அவள். எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் வந்ததில்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டப் பள்ளிகள் 2005இல் இப்படி எல்லாரையும் சோதிப்பதைப் பெரிய அளவில் செய்தன. ஆசிரியர், பெற்றோர் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொற்களைச் சாராத ஒரு தேர்வை வைத்தார்கள். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் அதை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள். தகுதி வரம்பைக் குறைக்காமலே ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் பலர் மீத்திறன் மாணவர்களுக்கான வகுப்புகளுக்குப் புதிதாகத் தேர்வானார்கள். நிதி நெருக்கடியில் எல்லாருக்குமான அந்தத் தேர்வு நின்றதும் அந்த முன்னேற்றமும் கரைந்தது. இத்தனை காலம் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது என்னை உலுக்கியது.

நம் தேர்வில் இன்னொரு கதவும் இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு. வாசிப்பில் தடுமாறுகிற, செங்கல் சூளையிலிருந்து பாதி ஆண்டில் வந்து சேர்கிற பிள்ளை அங்கேயே நின்றுவிடும். ஆகவே, தாளைத் திருப்பிப் பெயரைப் பார்த்த மறுநாளே அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாசிப்புப் பயிற்சியைத் தொடங்கிவிடுகிறேன். விண்ணப்பத்துக்குத் தேவையான வருமானச் சான்று வேலையும் அப்போதே. பெற்றோர் திருப்பூரில் இருந்தால், இ-சேவை மையத்துக்குப் பாட்டியோடு நானே போகிறேன்.